ஓரத்து வரிசை



தூத்துக்குடியில் மேடையேறியவர் முத்தைத் தொடாமல் இறங்கினால் ஊர் விடாது. தொட்டுவிடுகிறேன். இங்கே முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக 1961-ல்) சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். திறந்து பார்க்காமலே வாங்க வேண்டும். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது வாங்கியவர் தலையெழுத்து. நெல் ரகம் உருவாக்குவதும் கிட்டத்தட்ட அதே வியாபாரம்தான். பச்சையாக நிற்கிற பயிரில் எது குலைநோயைத் தாங்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நோயை வரவழைத்தே பார்க்க வேண்டும்.

அதற்கென்று ஒரு நாற்றங்கால் போடுவோம். யூரியாவை அள்ளிக் கொடுப்போம். சாயங்காலம் தண்ணீர் தெளித்து ஈரம் காயாமல் வைப்போம். விவசாயி செய்யக்கூடாதது அத்தனையும் அங்கே நடக்கும். சோதிக்கும் ரகங்களைச் சுற்றி ஓரத்து வரிசையில், நோய்க்குச் சட்டென்று விழும் ரகம் ஒன்று. பல இடங்களில் அது கோ 39, கோயம்புத்தூரில் பிறந்த நம் ரகம். முதலில் அதன் இலையில் இருபுறமும் கூர்ந்த கண் போல ஒரு புள்ளி வரும். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. புள்ளிகள் கூடக்கூட இலை தீய்ந்து போகும். அங்கிருந்து நோயைத் தரும் பூசணம் காற்றேறி உள்வரிசைகளுக்குப் போகும்.

இத்தனை பலவீனமான ரகம் உலகப் புகழ் பெற்றது. பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மெக்கில், போன்மன் இருவரும் எதிர்ப்பு மரபணுக்களை இதற்குள் தனித்தனியாகப் புகுத்தி, 1992-ல் அந்த நெல்வழிகளை வெளியிட்டார்கள். வெள்ளைச் சுவரில்தானே மைப்புள்ளி தெரியும்? ஆனால் சுவர் முழுக்க வெள்ளையும் இல்லை. பூசணத்தின் ஒரு மரபணுவைக் கோ 39 இனங்கண்டு தடுக்கிறது. அந்த மரபணுவுக்கே ஏவிஆர்1-கோ39 என்றுதான் பெயர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986-ல் அம்பாசமுத்திரம் நிலையம் தந்த அம்பை 16, ஆடுதுறை 31-க்கும் கோ 39-க்கும் பிறந்த பிள்ளை. இன்று காலை நீங்கள் சாப்பிட்ட இட்லியில்கூட அது இருந்திருக்கலாம்.

இன்று வேளாண் பட்டம் வாங்கும் நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததும், பிசானப் பருவத்தில், மார்கழிப் பனி காயுமுன் ஒருநாள் நோய் நாற்றங்காலுக்குப் போங்கள். பச்சையாக நிற்கும் உள்வரிசை கண்ணை இழுக்கும். முதலில் ஓரத்தைப் பாருங்கள். கோ 39 தீயவில்லை என்றால் அங்கே நோயே வரவில்லை என்று அர்த்தம். உள்ளே எத்தனை ரகம் பச்சையாக நின்றாலும் நோயைத் தாங்கும் என்று நோட்டில் எழுதாதீர்கள். நான் ஒரு வருஷம் ஆசைப்பட்டு எழுதிவிட்டேன். பிறகு பக்கம் பக்கமாக அடித்தேன்.