உண்டியல் குலுக்கித்தான் உதவ வேண்டுமா?

(மாஜி ராணுவத்தினர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)



டிசம்பர் 7ந் தேதி கொடி நாள். 1949லிருந்து நடந்து வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் ஏந்துகிறார்கள். மக்களும் மனமுவந்து போடுகிறார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பட்டாளத்தில் இருந்தபோது எங்களுக்கு உண்டியல் குலுக்கியா சம்பளம் கொடுத்தார்கள்? சர்க்கார் கஜானாவிலிருந்துதானே கொடுத்தார்கள்? திரும்பி வந்தவனுக்கு உதவி என்றால் மட்டும் ஏன் உண்டியல்?

"ராணுவம் டில்லி விஷயமாயிற்றே, எங்களிடம் ஏன் வருகிறீர்கள்?" என்று சில அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். ராணுவம் டில்லி விஷயம்தான். ஆனால் உடுப்பைக் கழற்றிய அன்றே அவன் வேலூர் ஜில்லாக்காரன், ராமநாதபுரம் ஜில்லாக்காரன் ஆகிவிடுகிறான். அவனுடைய நலன் இரண்டு சர்க்கார்களுக்கும் சேர்ந்த பொறுப்பு. ஜில்லா நல அலுவலகங்களின் செலவில் மத்திய சர்க்கார் 60 சதவிகிதம், மாநில சர்க்கார் 40 சதவிகிதம் என்றுதான் ஏற்பாடு. ஆகவே சரியான இடத்திற்குத்தான் வந்திருக்கிறோம்.

எங்கள் சங்கத்திற்கு அதிகமாக வருவது விதவைகளின் கேஸ்தான். புருஷன் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு மாதிரி, ஆதார் கார்டில் வேறு மாதிரி இருக்கும். கல்யாணத்தை ரெஜிமெண்டில் பார்ட்-டூ ஆர்டர் போட்டுப் பதியாமலே அவன் கண்ணை மூடியிருப்பான். அந்த அம்மாள் எங்கோ உள்ள ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். இங்கிலீஷில் எழுத வேண்டும், ஜாமீன் பத்திரம் வைக்க வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டும். பென்ஷன் கிடைத்த பிறகும் விடவில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். வருஷா வருஷம் உயிரோடிருப்பதை நிரூபித்தாக வேண்டும். இழைத்து இழைத்து ரேகை தேய்ந்த கையை மெஷின் ஏற்க மறுக்கிறது!

இந்த வேலையையெல்லாம் யார் செய்து கொடுக்கிறார்கள்? ரிட்டயரான ஹவில்தார் கிளார்க்குகள், சொந்த பஸ் சார்ஜில் வந்து செய்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. தாலுக்காவுக்கு ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா. இவ்வளவுதான் நாங்கள் கேட்கும் மானியம்.

காண்டீனில் ரம் மலிவாகக் கிடைக்கிறதே, உங்களுக்கென்ன குறை என்று கேலி பேசுவோர் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

சொந்தத் தொழிலுக்குக் கடனும் மானியமும் தரும் திட்டம் ஒன்றை 2024 சுதந்திர தினத்தன்று மாநில சர்க்கார் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் கடன் வாங்கித் தொழில் நடத்தத் தெம்புள்ளவனுக்குத்தான் அது உதவும். மேலே சொன்ன அம்மாளுக்கு அல்ல.

அக்னிவீரர் சங்கதியும் இருக்கிறது. 2022ல் வகுத்த விதிப்படி 4 வருஷ சேவை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் கையில் ஒரு தொகையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, மாஜி ராணுவத்தான் என்ற அந்தஸ்துகூட இல்லை! 2022 கடைசியில் பயிற்சிக்குப் போன முதல் கோஷ்டிக்கு 2026 கடைசியோடு கெடு முடிகிறது. எங்கள் அலுவலகப் பட்டியலில் இல்லாத அந்தப் பையன் எந்தக் கதவைத் தட்டுவான்? சங்கத்தின் கதவைத்தான். அவனுக்குத் தொழிற்பயிற்சி, வேலைக்கு வழிகாட்டல் இரண்டுக்கும் பட்ஜெட்டில் தனியாகத் தொகை ஒதுக்க வேண்டும்.

அங்கத்தினர்களே, எங்கள் துறை பொதுத்துறை மானியக் கோரிக்கையோடு வருகிறது. பல துறைகளுக்கு நடுவே சந்தடியில்லாமல் நிறைவேறிவிடும். அன்று கட்சி பார்க்காமல் எழுந்திருங்கள். சங்கங்களின் உதவி மையங்களுக்கு எவ்வளவு ரூபாய் என்று மந்திரியைக் கேளுங்கள். நாங்கள் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்போம்.