கரைக்குக் கீழே ஒரு ஊர்

(காட்டுமன்னார்கோயில் படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, வேலை முடிந்து நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற அக்காமார்களே,

'நம்ம ஊர் வரலாறும் வாழ்க்கையும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கவிதை வாசிக்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிசத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். வரலாறு என்றதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நம்ம ஊருக்கு வரலாறு ரொம்ப ஜாஸ்தி. அதில் நம்ம ஆட்களைத் தேடினால்தான் கிடைக்க மாட்டேங்குது.

ராஜாக்கள் கதையைச் சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். 907-லிருந்து 955 வரை ஆண்ட முதலாம் பராந்தகனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டப்பேர். அந்தப் பேரில் வெட்டியதுதான் வீரநாராயண ஏரி, நம்ம வாயில் வீராணம். அதே பேரில் பார்ப்பனர்களுக்குக் கொடுத்த ஊர் வீரநாராயண சதுர்வேதிமங்கலம், அதாவது இப்போ நாம உட்கார்ந்திருக்கிற இந்த மண். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனி இந்த ஊர். அவர் பேரன் ஆளவந்தாரும் இந்த ஊர். உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் கூட்டத்தின் சொத்துக்களைப் பறிமுதல் செய்யச் சொல்லி ராஜராஜன் இந்த ஊர்ச் சபைக்கு அனுப்பிய ஓலை. கொன்றவர்களில் பிரமாதிராஜன் என்று பட்டம் வாங்கிய பார்ப்பன அதிகாரிகள் இருந்தார்கள். இளவரசனைக் கொன்றவர்களுக்கு அந்தக் கல்வெட்டில் இருக்கிற தண்டனை நிலத்தையும் சொத்தையும் எடுத்துக்கொள்வது. தலையை எடுக்கச் சொல்லி அதில் ஒரு வரி கிடையாது. வரப்பில் ஒரு கட்டு நெல் எடுத்தான் என்று நம்ம பாட்டன்களை மரத்தில் கட்டி வைத்து அடித்த கதையெல்லாம் உங்க வீட்டிலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏரியைப் பார்த்துக்கொண்டது யார்? அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. குடவோலைத் தேர்தல், சனநாயகம் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். அந்த வாரியத்தில் உட்கார கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

அப்போ மண்வெட்டி பிடித்தவன் எங்கே இருந்தான்? அவனையும் கல்வெட்டு சொல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டுகளில், வரி இல்லாத நிலம் என்று கழித்துக்கொண்டு வருகிற பட்டியலில், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று எழுதியிருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே நாம ரெக்கார்டில் இருக்கிறோம் தோழர்களே. ஆளாக இல்லை, கழித்த நிலமாக.

புராணத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நந்தன் கொள்ளிடக்கரை ஆதனூர்க்காரர். சுந்தரர் திருநாளைப்போவார் என்று பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஊரும் குலமும் சேர்த்துப் பாடியவர் நம்பியாண்டார் நம்பி. அவர் இதோ பக்கத்துத் திருநாரையூர்க்காரர். நம்பி பாட்டில் தீ கிடையாது. தீயில் இறங்குவது பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வது. நம்மில் பலரும் அந்தத் தீயைப் பற்றித்தான் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனா அதே பெரியபுராணத்தில் இன்னொன்று இருக்கு. திருப்புன்கூரில் நந்தன் ஒரு குளம் வெட்டுகிறார். அவர் வெட்டின குளம் கோயிலுக்கு ஆச்சு, வெட்டினவர் கோயிலுக்கு வெளியே நின்றார். வீராணத்தை வெட்டினவன் கதையை எந்தப் புலவனும் பாடவில்லை. எனக்கு அது இந்த ஒரு குளத்தில் தெரிகிறது.

சரி, நம்ம வீட்டுக் கதைக்கு வர்றேன்.

எங்க பக்கத்தில் வெட்டியான் வேலை என்றால் பிணம் எரிப்பது மட்டும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் கட்டுவதும் அதில் சேர்த்தி. எங்க தாத்தாவின் அப்பாவுக்கு அந்த வேலை. கீழணை 1836-இல் கட்டினது. அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்குத் தண்ணீர் வரும். ஏரி நிறைந்து மதகு திறந்தால் அவருக்குத் தூக்கம் போச்சு. ராத்திரியெல்லாம் மண்வெட்டியும் பந்தமுமாக வாய்க்கால் மேலேயே நடப்பார். எந்த வயல் எத்தனை நாழிகை குடிக்கும், எந்த வரப்பில் நண்டு ஓட்டை போட்டிருக்கு, யார் வீட்டு மடை யார் வீட்டு மடைக்கு முந்தி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த ஏரிக்கு இன்றைக்குக் கணக்கில் இருக்கிற பாசனம் ஏறக்குறைய 45,000 ஏக்கர். அவர் தண்ணீர் பாய்ச்சின நிலத்தில் ஒரு குழி அவருக்குக் கிடையாது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் அடி மட்டும் அவருக்கு. 'ஆண்டே, தண்ணி வந்துக்கிட்டு இருக்குது ஆண்டே' என்று ஓடுவாராம். எங்க ஆயா அதை நடித்துக் காட்டும். சிரிக்கவும் சிரிக்கும், அப்புறம் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போய்விடும்.

அறுப்பு முடிந்ததும் களத்தில் அவருக்கு அளக்கிற நெல்லுக்குப் பேர் என்ன தெரியுமா? சுதந்திரம். வெட்டியான் சுதந்திரம், தோட்டி சுதந்திரம் என்றுதான் சொல்வார்கள். ஆக 1947-க்கு ரொம்ப நாள் முன்னாடியே எங்க குடும்பத்துக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. மரக்காலில் அளந்து, தூற்றின பிறகு அடியில் கிடந்த கருக்காயும் சேர்த்து.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தண்ணீருக்கு இரண்டு பானை இருந்தது. நம்ம பிள்ளைகளுக்குத் தனிப்பானை. இவ்வளவு பெரிய ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீரில் தீட்டு. அந்தப் பானையை ஒரு மாணவர் உடைத்தார். 1924-இல் பிறந்த நம்ம எல். இளையபெருமாள்தான் அவர். பிறகு நாடாளுமன்றம் போனார். பறை அடிக்காதே, செத்த மாடு தூக்காதே என்று இந்தச் சேரிகளில் நடந்து நடந்து சொன்னார். 1965-இல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு போட்ட குழுவுக்குத் தலைவரானார். 1969-இல் அறிக்கை கொடுத்தார். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கணும் என்று அதில் சொன்னார். அதற்கப்புறம்தான் 1970-இல் இங்கே தி.மு.க. அரசு சட்டம் கொண்டுவந்தது. அந்த அறிக்கை பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் பேசுவார்கள். எனக்கு அந்தப் பானைச் சத்தம்தான் முதலில் கேட்கிறது.

இப்போ நான் பார்க்கிற ஊரைச் சொல்றேன். வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். இந்த ஊரைக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்க்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் வந்தால் எனக்கு ஜன்னலைப் பார்க்காமலே தெரியும். பயிர்க்கடன் கேட்டு சிட்டா, அடங்கலோடு ஒரு வரிசை நிற்கும். நகைக்கடனுக்குக் கம்மலையும் மூக்குத்தியையும் முந்தானையில் முடிந்துகொண்டு இன்னொரு வரிசை. முதல் வரிசையில் நம்ம ஆட்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. நிலம் வைத்திருக்கிறவர் ஏரித் தண்ணீரைக் காட்டிக் கடன் வாங்கலாம். ஏரியில் மண் எடுத்தவர் எதைக் காட்டுவார்?

நூறு நாள் வேலை 2006-இல் நம்ம மாவட்டத்துக்கு வந்தபோது வாய்க்கால் தூர்வாரினது நம்ம பெண்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் அந்தக் கூலியை எடுக்கப் பாஸ்புக்கோடு வருவார்கள். ஒரு அம்மா, நகக்கண்ணில் சேறு காயாமலே வந்து கைநாட்டு வைத்தார். மை தேவையே படவில்லை போலிருந்தது. பின்னால் நின்ற ஒருத்தர், நல்ல மனுசர்தான், தினமும் பேசுகிறவர், 'தம்பி, சட்டுனு அனுப்புங்க, வாடை தாங்கல' என்றார். அது அவர் வயலுக்குப் போகிற வாய்க்காலின் வாடை. நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கணும். இங்கே சொல்றேன்.

இன்னொருத்தர் கேட்பார்: 'தம்பி எந்த ஊரு?' சொல்வேன். 'ஊர்ல எந்தத் தெரு?' இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் முதல் கேள்வி. 'கரைக்குக் கீழங்க' என்பேன். அதுக்கு மேல கேட்க மாட்டார். மறுநாள் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கும்.

கரைக்குக் கீழ் என்றால் என்ன என்று மழைக்காலத்தில் பார்க்கணும். முழு மட்டம் 47.5 அடி. அதை நெருங்கினால் உபரியை லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடையில் திறப்பார்கள். திருநாரையூர், சிறகிழந்தநல்லூர் என்று தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். ஏரி உடையாமல் இருக்கத்தான் திறக்கிறார்கள், திறந்துதான் ஆகணும். ஆனா தண்ணீர் முதலில் நுழைகிற வீடு எது? மேட்டில் மனை கிடைக்காதவன் வீடு. 'ஏரி ரொம்பினா ஊருக்கு, வழிஞ்சா சேரிக்கு' என்று ஆயா சொல்லும்.

அப்புறம் மெட்ராசுக்குப் போகிற தண்ணீர். 1960-களின் கடைசியில் ஒரு திட்டம் போட்டார்கள். 1976-இல் போட்ட சர்க்காரியா கமிசனில் அந்தக் குழாய் டெண்டரும் விசாரணைக்கு வந்தது. திட்டம் நின்றது. ரோட்டோரம் கிடந்த ராட்சசக் குழாய்களுக்குள்ளே வீடில்லாதவர்கள் அடுப்பு மூட்டிக் குடியிருந்தார்கள். தண்ணீருக்குச் செய்த குழாயில் மனுசன்! பிறகு 2004-இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. நாளைக்கு 18 கோடி லிட்டர் என்று கணக்கு. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். 'நம்ம ஏரி மெட்ராசுக்குப் போகுது' என்று எங்களுக்கெல்லாம் பெருமை. பிறகு யோசிக்கும்போது வேறொன்று உறைத்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய் ஒரு மாடிவீட்டுக் குழாயில் விழும்போது, இது யார் தூர்வாரின தண்ணீர், யார் கை பட்ட தண்ணீர் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எங்க மாமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இதே தண்ணீரில் போட்ட டீயை இங்கே தனிக் குவளையில் வாங்கிக் குடித்திருக்கிறார்.

அரசியல் பேசாமல் விட்டால் கோவிச்சுக்குவீங்க. இது தனித்தொகுதி. 2016-இல் அண்ணன் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்ற தொகுதி. அந்த எண்பத்தேழை ரொம்ப நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். 2021-இல் சிந்தனைச்செல்வன் ஜெயித்தார். ஓட்டை எண்ணக் கற்றுக்கொண்ட நாம், கரையில் வேலை செய்தவர்களை இன்னும் எண்ணவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அதற்காகத்தான் இந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். வங்கியில் கழித்துக்கட்டின பழைய லெட்ஜர், பாதி வெள்ளையாக இருக்கிறது. தண்ணீர் கட்டினவர்கள், மதகு திறந்தவர்கள், உடைப்பில் மண்மூட்டை போட்டவர்கள், உங்க வீட்டில் தெரிந்த பேரையெல்லாம் சொல்லுங்கள். எந்த வாய்க்கால், என்ன கூலி, யாரிடம் அடி வாங்கினார், யாரைத் திருப்பி அடித்தார், எல்லாம் எழுதுவோம். எங்க தாத்தாவின் அப்பா பேரை முதல் வரியில் எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். வீட்டில் யாருக்கும் அவர் பேர் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் 'டேய்' என்று கூப்பிட்டார்கள், ஆயா 'மாமா' என்று கூப்பிட்டது. முதல் வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கிற பெரியவர் கையைத் தூக்குகிறார். வாங்க தாத்தா, இரண்டாவது வரியிலிருந்து தொடங்குவோம்.