ஆவாரையும் திண்டுக்கல் தோலும்



மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் பொன்னிறமாகப் பூத்து நிற்கும் ஆவாரையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். போகியன்று வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து வீட்டு இறவாரத்தில் செருகுவதற்கு அதனைப் பறித்தும் இருப்பீர்கள். பறித்த பூவை ஒருமுறை கூர்ந்து நோக்கியதுண்டா? இதழ்கள் ஐந்து, மகரந்தக் கேசரங்கள் பத்து. அவற்றுள் மேலே உள்ள மூன்றும் மலடு. காம்பின் அடியில் காது மடல் போன்ற அகன்ற இலையடிச் செதில்கள் இருக்கும். லின்னேயஸ் 1753-இல் இச்செடிக்கு ‘ஆரிக்குலேட்டா’, அதாவது காதுடையது, என்று பெயரிட்டதற்கு இதுவே காரணம்.

குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 மலர்களுள் இதுவும் ஒன்று. அங்கே இதன் பெயர் ஆவிரை. காதலியைப் பெறாத தலைவன் பனைமடல் குதிரை ஏறும்போது சூடிவருவதும் இப்பூவே. தெலங்கானா இதனைத் ‘தங்கேடு’ என்று அழைத்து, மாநில மலராகவே ஏற்றுக்கொண்டுள்ளது. நம் ஊரில் இதன் பெருமை பூவைவிடப் பட்டையில் இருந்தது.

1960-களில், நான் சிறுவனாயிருந்தபோது, ஆவாரம்பட்டைக் கட்டுகளை ஏற்றிய மாட்டு வண்டிகள் திண்டுக்கல் நோக்கிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். தோல் ஷாப்பு என்று நாங்கள் வழங்கும் பதனிடும் சாலைகளுக்கே அவை சென்றன. அவ்வழியே போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வோம். உள்ளே என்ன நடக்கிறது என்று பிற்காலத்திலேதான் கேட்டறிந்தேன். உரித்த தோல் நாளடைவில் அழுகிவிடும். அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாட்கள் கிடத்துவர். பட்டையில் நூற்றுக்கு 18 பங்கு வரை உள்ள துவர்ப்புப் பொருளாகிய டானின், தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. அதன் பின் தோல் அழுகாது. வெயிலில் சிவந்துவிடாதிருக்கக் கடுக்காய் நீரிலும் இட்டு, எண்ணெய் தடவி உலர்த்துவர். இவ்வாறு பதனிட்ட சென்னை மாகாணத் தோல், முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுகளுக்கு மேல்தோலாயிற்று. கரட்டில் தானே முளைத்த ஒரு புதரின் பட்டை, கடல் கடந்த போர்க்களம் வரை சென்றதென்றால் வியப்பன்றோ?

பின்னர் ஆவாரைக்குப் போட்டியாக வாட்டில் மரப்பட்டை வந்தது. அதில் டானின் ஏறத்தாழ இருமடங்கு. இம்மரத்தை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்டார்கள். அது இன்று மலைப் புல்வெளிகளை விழுங்கி நிற்கிறது. வாரக்கணக்கில் நடந்த வேலையை ஒரு சில நாட்களில் முடிக்கும் குரோமிய உப்பும் வந்தது. பட்டை வண்டிகள் நின்றன.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆவாரை போய்க் குரோமியம் வந்ததால்தான் திண்டுக்கல் நீர் கெட்டது என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மை. தோல் அழுகாதிருக்கத் தூவும் உப்பும், மயிர் நீக்கும் சுண்ணாம்பும் பட்டைக் காலத்திலும் இருந்தனவே! மதுரைச் சாலையையும் வத்தலக்குண்டுச் சாலையையும் ஒட்டிப் பதனிடும் சாலைகள் பெருகப் பெருக, கழிவு நீர் நிலத்தடியில் இறங்கியது. எங்கள் தோட்டத்துக் கிணறும் உப்பாயிற்று, தென்னை காய்ந்தது, குடிநீருக்கு என் தாயார் இரண்டு மைல் நடந்தார். 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் பதனிடும் சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்து, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் உப்பேறிய நிலத்தடி நீர் தீர்ப்பைக் கேட்டு உடனே தெளிந்துவிடுவதில்லை.

ஆவாரைக்கு வேறு பயன்களும் உண்டு. தழை வயலுக்கு நல்ல உரம். இலை, பூ, பட்டை, வேர், விதை ஐந்தையும் சேர்த்துச் சித்த மருத்துவர் நீரிழிவுக்குக் குடிநீர் செய்வர். ஆவாரை பூத்திருக்கும் இடத்தில் சாவு ஏது என்னும் பழமொழியை நம்பி, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்!

பயிரிட விரும்புவோர் முற்றிய காய்களைத் திரட்டுக. விதையின் மேல்தோல் கடினமானது. வெந்நீர் ஊற்றி ஓரிரவு ஊறவிட வேண்டும். ஆணிவேர் ஆழமாக ஓடுவதால் நாற்றுவிட்டுப் பிடுங்குவதைவிட, புரட்டாசி, ஐப்பசி மழையில் நேரே விதைப்பது நன்று. முளைத்த பின் தனியே நீர் வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அடியோடு வெட்டினாலும் மீண்டும் தழைக்கும்.

எங்கள் பழைய கிணற்று மேட்டில் நானும் பத்து விதைகளை ஊன்றினேன். ஆறு முளைத்தன. சென்ற தைத்திங்களில் அவற்றுள் நான்கு பூத்தன. போகிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பறித்துக்கொண்டு போனார்கள்.