தாடைக் கட்டியும் உயிருள்ள பல்லும்

சென்ற ஆண்டு என் மகளின் கீழ்த்தாடையில் ஒரு வீக்கம் கண்டது. அவளுக்கு வயது 11. எக்ஸ்ரே படத்தில், இன்னும் முளைக்காத பல்லொன்றைச் சுற்றி நெல்லிக்காய் அளவில் கருநிழல் தெரிந்தது. முதலில் பார்த்த மருத்துவர், நீர்க்கட்டியோடு அந்தப் பல்லையும் பக்கத்துப் பற்கள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்றார். மறுமொழி சொல்லத் தோன்றாமல் வீடு திரும்பினோம்.

நேயர்களே, தாடைக் கட்டிகள் எல்லாம் ஒரே குலத்தவை அல்ல. சொத்தையால் உயிரிழந்த பல்லின் வேர்நுனியில் உண்டாவது ஒரு வகை. அங்கே பல்லே காரணமாதலால், அதற்கு வேர்ச்சிகிச்சை செய்ய வேண்டும்; அல்லது அதைப் பிடுங்க வேண்டும். முளைக்காத பல்லைச் சூழ்ந்து வளர்வது இன்னொரு வகை. மேல்வாயில் முன்பற்களுக்குப் பின்னே, பற்களோடு தொடர்பே இன்றித் தோன்றுவதும் உண்டு. படத்தில் எல்லாம் கருநிழல்தான். நிழல் வேரின்மேல் படிந்திருப்பதால் மட்டும் பல் செத்துவிட்டதென்று முடிவு கட்டலாகாது. குளிர்ச்சியை வைத்தோ, மிகச் சிறு மின்சாரத்தைச் செலுத்தியோ ஒவ்வொரு பல்லையும் சோதிக்க வேண்டும். வெளிமாநிலத்தில் மருத்துவரிடம் வாதாட நமக்குச் சொற்கள் வருவதில்லை. ஆயினும், "பல் உயிரோடிருக்கிறதா என்று சோதித்தீர்களா?" என்ற ஒரு கேள்வியை அவ்வூர் மொழியில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெரிய கட்டியை ஒரேயடியாகத் தோண்டினால், வேர்நுனிக்குச் செல்லும் நுண்ணிய நரம்பும் இரத்தக் குழாயும் அறுபடக்கூடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892-இல் வேறொரு வழியை எழுதினார். கட்டியில் ஒரு சாளரம் திறந்து, அதன் உட்சவ்வை ஈறோடு தைத்துவிடுவது. உள்ளழுத்தம் தணியவே, எலும்பு மெல்ல வளர்ந்து குழியைச் சுருக்கும். கங்காருவின் வயிற்றுப் பைக்குரிய இலத்தீன் சொல்லைக் கொண்டு இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பே தொழிலான எனக்குப் 'பையாக்கம்' என்பதற்கு மேல் ஒரு சொல் அகப்படவில்லை.

குறையும் உண்டு. மாதக்கணக்கில் குழியைக் கழுவிவர வேண்டும். எஞ்சிய சவ்வை எடுக்க மீண்டும் அறுவை தேவைப்படலாம். சவ்வின் ஒரு துண்டை நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்பியே தீர வேண்டும். திரும்பத் திரும்ப வளரும் கட்டியும், அரிதாகப் புற்றும் இதே வேடத்தில் வருவதுண்டு.

நாங்கள் அடுத்து நாடிய மருத்துவர் பக்கத்துப் பற்களைச் சோதித்தார். இரண்டுக்கும் உயிர் இருந்தது. மேலிருந்த சொத்தைப் பால்பல்லை மட்டும் எடுத்து, அவ்வழியே சாளரம் திறந்தார். சோதனையில் தீங்கான கட்டியன்று எனத் தெரிந்தது. என் மனைவியும் நானும் முறைவைத்து ஏழு மாதம் உப்புநீரால் கழுவினோம். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் குழந்தை அழுத காலைகள் பல. சென்ற வாரம் ஈறைப் பிளந்து வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. சற்றுச் சாய்வாகத்தான் முளைக்கிறது.