பலகையில் ஒட்டிய மணச்செய்தி



கோவலனுக்கும் கண்ணகிக்கும் மணம் என்னும் செய்தியைப் புகார் நகரத்தார், யானையின் பிடரியில் அமர்ந்து வந்த மகளிர் வாயிலாக அறிந்தனர் என்று சிலம்பின் மங்கல வாழ்த்துப் பாடல் காட்டுகிறது. ஊரறியச் செய்வதே அன்று மணத்துக்குப் பெருமை. இன்றும் ஊரறியச் செய்யும் முறை ஒன்று உண்டு. யானைக்குப் பதிலாக அரசு அலுவலகத்து அறிவிப்புப் பலகை.

மத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து போச்சம்பள்ளிச் சிப்காட்டுக்கும், ஒசூருக்கும், அத்திப்பள்ளி எல்லை கடந்து பெங்களூருக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே பேருந்தில் ஒலிக்கும் நிலம் இது. பக்கத்தில் நிற்பவரின் சாதியையும் மதத்தையும் கேட்டுக்கொண்டு எந்த இயந்திரமும் ஓடுவதில்லை. அங்கே அரும்பும் அன்பும் கேட்பதில்லை. கேட்பது பிறகு வரும் விண்ணப்பத் தாள்தான்.

மதம் வேறான இருவர், தத்தம் மதத்தை விடாமல் மணப்பதற்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வழி தருகிறது. இருவருள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருத்தல் வேண்டும். பெயர், வயது, தொழில், இருப்பிடம் ஆகியவற்றை எழுதித் திருமண அலுவலரிடம் தரவேண்டும். அத்தாள் எல்லோரும் காணுமிடத்தில் ஒட்டப்படும். மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் எவரும் தடை கூறலாம். சட்டம் ஏற்கும் தடைகள் சிலவே: முன்மணம் நிலைத்திருத்தல், வயதுக் குறைவு, மனநலக் குறைவு, விலக்கப்பட்ட உறவுமுறை. பெற்றோரின் சினம் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் முகவரி பலகையில் இருக்கிறதே!

இன்னொன்றும் உண்டு. மத்தூர்ப் பெண் ஒருத்தி பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே விண்ணப்பிக்கிறாள் எனக் கொள்வோம். அவளுடைய நிலையான இருப்பிடம் இம்மாவட்டமாயின், அறிவிப்பின் படி இங்குள்ள அலுவலருக்கும் அனுப்பப்பட்டு இங்கும் ஒட்டப்படும். எல்லையைக் கடந்து போனவளுக்கு முன்பாகவே அவளுடைய செய்தி ஊர் வந்து சேர்ந்துவிடுகிறது.

1872ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இக்காத்திருப்பு 14 நாளே. ஆனால் மணமக்கள் தமக்கு இந்து, கிறித்தவம், இசுலாம் முதலிய எம்மதமும் இல்லை என்று உறுதி கூறவேண்டியிருந்தது. விடுதலை பெற்ற நாடு அக்கொடுமையை நீக்கியது. நாள்களை மட்டும் இரட்டிப்புக்கும் மேலாக்கியது. ஏனோ!

இந்துக்களுக்குள் சாதி கடந்த மணத்துக்கு இத்தொல்லை இல்லை. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அண்ணா முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையைப் போக்கியது. முன்னர் நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கியது. உற்றார், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் போதும். புரோகிதரும் வேண்டா, அறிவிப்பும் வேண்டா. 2009 முதல் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தல் கட்டாயம் ஆயிற்று. அது மணம் முடிந்த பின்னர்ச் செய்வது.

காத்திருப்பு நீங்கினால் அச்சமும் நீங்கும் என்று சொல்லிவிட முடியாது. 2018 நவம்பரில், சாதி கடந்து மணந்த ஒசூர்ப் பகுதி இளம் இணையரின் உடல்கள் காவிரியில், கருநாடகத்துச் சிவனசமுத்திரத்தருகே கண்டெடுக்கப்பட்டன. அவர்களை எந்தப் பலகையும் காட்டிக்கொடுக்கவில்லை. பலகை இல்லாமலே இவ்வளவென்றால், பலகையோடு முப்பது நாள் எவ்வளவு நீளும்!

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்பார் தொல்காப்பியர். களவில் கூடியவன் பின்னர் மறுத்துவிடாதபடி பெண்ணுக்குக் காவலாக வந்தது அது. அறிவிப்பு முறையும் அவ்வாறே, முன்மணத்தை மறைப்பவனைத் தடுக்க வந்தது. ஆனால் அதற்கு முகவரியைச் சுவரில் ஒட்டவேண்டுமா என்பதே கேள்வி. அறிவிப்பை வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021 சனவரியில் கூறிற்று. அது உத்தரப்பிரதேசத்தில் எழுந்த வழக்கு. மத்தூரின் சுவருக்கு அத்தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

முப்பது நாளும் கழிந்தால், மூன்று சாட்சிகள் முன்னும் அலுவலர் முன்னும் ஒருவரையொருவர் ஏற்பதாக இருவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். இருவருக்கும் புரிகிற எம்மொழியிலும் சொல்லலாம் என்கிறது சட்டம். இந்த எல்லைப்புறத்தில் அவன் உருதுவிலும் அவள் தெலுங்கிலும் தொடங்கி, இருவரும் தமிழில் முடிக்கக்கூடும்.