விமானம் செய்து விற்கலாமா?

(நமது அறக்கட்டளையின் சுயதொழில் ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் ஓர் இளைஞர் நம் அலுவலகத்துக்கு வந்து வட்டியில்லாக் கடன் கேட்டார். என்ன தொழில் என்றோம். "விமானம் செய்யப் போகிறேன்" என்றார். கமிட்டியில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரை வரி போட்ட பிறகு ஆர்டர் குறைந்து, வாரத்தில் சில நாள் வேலை என்றாகி, கடைசியில் அதுவும் நின்றுவிட்டது. பையிலிருந்து ஒரு சிறு விமானத்தை எடுத்து மேஜையில் வைத்தார். சிரித்த நாங்கள்தான் அதை ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தையல் மெஷின்கள் வழங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தைத்ததை யார் வாங்குவார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவற்றில் பல இன்று வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. அது வாங்கியவர்களின் குற்றமல்ல, எங்கள் குற்றம். ஆகவே இவரிடம் முதல் கேள்வியே அதுதான்: யாருக்கு விற்பீர்கள்?

"பிள்ளைகளுக்கு" என்றார். அங்கேதான் சிக்கல். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. அதற்குப் பரிசோதனையும் உரிமமும் வேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அச்சில் வெட்டிய ஃபோம் விமானத்தைக் கைவினை என்று சொல்லிவிட முடியாது. அதே சட்டம் நமக்குக் காப்பாகவும் இருக்கிறது. வெளிநாட்டுப் பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2020-ல் 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைக்கு இன்று இடம் இருக்கிறது. பொம்மைத் தொழில் நமக்குத் தூரத்துச் சங்கதியும் அல்ல: ஃபன்ஸ்கூல் கம்பெனிக்கு ராணிப்பேட்டையிலேயே தொழிற்சாலை உண்டு. பெங்களூர்–மைசூர் சாலையில் சென்னபட்டணம் போய்ப் பாருங்கள். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை அழைத்து வந்து தொடங்கியது என்பார்கள். மரமும் அரக்கும் கடைசலும் இன்றும் அங்கே பல முஸ்லிம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

இவருக்கு நாம் சொன்ன வழி வேறு. பெரியவர்கள் மேஜையில் வைக்கும் காட்சி மாதிரிகளில் தொடங்குங்கள். ஹஜ், உம்ரா டிராவல்ஸ் அலுவலகம் எதில் நுழைந்தாலும் மேஜை மேல் ஒரு விமானம் நிற்கிறதல்லவா? ஆனால் ஏர்லைன்ஸ் பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றித் தீட்டக் கூடாது. அது அடுத்தவர் சொத்து. அந்த டிராவல்ஸின் பெயரையே எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். மோட்டார், ரிமோட் வைத்துப் பறப்பவை 2021 ட்ரோன் விதிகளுக்குள் வருகின்றன. அவை இப்போது வேண்டாம்.

ஒரு பெரியவர், உருவம் செய்வது கூடுமா என்று கேட்டார். உயிரில்லாப் பொருளின் உருவத்துக்குத் தடையில்லை என்று ஹஜ்ரத் விளக்கம் தந்தார்கள். விமானி பொம்மை மட்டும் உள்ளே வைக்க வேண்டாம் என்று அந்தப் பெரியவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அந்த இளைஞரின் கைத்திறன் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பர் வெட்டும் கிளிக்கிங் பிரஸ்ஸிலேயே, டை மாற்றினால், இறக்கையும் வெட்டலாம். முதலில் சோலுக்கான ஈ.வி.ஏ. துண்டுகளில் செய்து பார்த்தாராம், இறக்கை தொங்கிவிட்டது. பிறகு கெட்டியான ஃபோம் ஷீட்டுக்கு மாறினார். அதை எறிந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்தது. எடையின் நடுப்புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் வர வேண்டும். மூக்கில் சிறிது களிமண் ஒட்டியதும் நேராகப் போயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் இறக்கை கட்டிப் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், வால் வைக்க மறந்ததால் இறங்கும்போது அடிபட்டார் என்று வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதியிருக்கிறார். நம் பையனுக்குக் களிமண்ணோடு போயிற்று!

கணக்கில்தான் நாங்கள் கடுமையாக இருந்தோம். ஷீட், பெயின்ட், ஸ்டாண்ட், பெட்டி எல்லாம் எழுதியிருந்தார். தன் கூலியை எழுதவில்லை. ஒரு மாதிரிக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்றால் அந்த மூன்று மணி நேரத்துக்குக் கம்பெனியில் என்ன கிடைத்ததோ அது விலையில் ஏற வேண்டும். ஏற்றிப் பார்த்தபோது அவர் சொன்ன விலை போதவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டு வந்தார். வர்ணம் பூசுவதை அவருடைய தாயாரும் தங்கையும் செய்கிறார்கள். அவர்களுக்கும் கூலி எழுதச் சொன்னோம். வீட்டில் ஷூ தைக்கும் நம் பெண்களின் உழைப்பு எவ்வளவு மலிவாகப் போகிறது என்பது இந்தச் சபைக்குத் தெரியாததல்ல.

கேட்ட தொகையில் பாதியைக் கொடுத்திருக்கிறோம். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம்; நம் அலுவலகத்திலேயே செய்து கொடுத்தோம். இருபது மாதிரிகளை ரொக்கத்துக்கு விற்றுக் காட்டினால் மீதித் தொகை. உறவினரிடம் விற்றது கணக்கில் வராது. இதுவரை ஏழு போயிருக்கிறது. ஒன்று ஸ்டாண்ட் ஒடிந்து திரும்பி வந்தது.

சும்மா கிடக்கும் பழைய கிளிக்கிங் பிரஸ் யாரிடமாவது இருந்தால், அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் சொல்லுங்கள். வாடகை கொடுத்துவிடுகிறோம்.