திருட்டு நகலோடு போட்டி போட்ட கடைகள்

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் கைதட்டல்! முன்வரிசைப் பெரியவர்களும் கொஞ்சம் கேட்கணும். இது வியாபார விஷயம்.

நாம் விற்கிற பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நகல் எடுக்கலாம் என்றால், கடைக்காரர் என்ன செய்வார்? முதலில் தோன்றுவது பூட்டு. 2010-இல் பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம், 'அசாசின்ஸ் கிரீட் 2' விளையாட்டைக் கணினியில் ஆட இணையத் தொடர்பு எப்போதும் இருக்க வேண்டும் என்று வைத்தது. அந்த மார்ச் மாதமே அதன் சர்வர்கள் தாக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்கள் விளையாட முடியாமல் தவித்தார்கள். திருடனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டது!

இன்னொரு வழியைப் போலந்தில் பார்க்கலாம். 1990-களில் அங்கே சந்தையெங்கும் திருட்டு சி.டி.க்கள். அந்தச் சூழலில் இரண்டு பள்ளித் தோழர்கள், இவின்ஸ்கியும் கிச்சின்ஸ்கியும், 1994-இல் 'சிடி ப்ராஜெக்ட்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999-இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் புகழ்பெற்ற நடிகர்களின் குரலோடு தாய்மொழியிலேயே கொண்டுவந்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், விதிப் புத்தகம், இசைத்தட்டு எல்லாம் வைத்தார்கள். சந்தைக்காரரால் இதைத் தர முடியுமா? நன்றாக விற்றது.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய 'ஸ்டீம்' கடையிலும் ஒருவகைப் பூட்டு உண்டு. ஆனால் அதோடு சௌகரியமும் உண்டு. வாங்கியதை வேறு கணினியிலும் இறக்கிக்கொள்ளலாம். திருத்தங்கள் தானாக வந்து சேரும். 2015-இல் பணம் திருப்பித் தரும் முறை வந்தது. நம் ரூபாயிலேயே விலையும் வந்தது. அதன் தலைவர் கேப் நியூவெல், திருட்டு நகலுக்குக் காரணம் பெரும்பாலும் விலை அல்ல, சேவைக் குறைவே என்று 2011-இல் சொன்னார்.

போலந்துக்காரர்கள் 2008-இல் பூட்டே இல்லாத 'ஜி.ஓ.ஜி.' கடையைத் திறந்தார்கள். அவர்களுக்கும் சோதனை வந்தது. 'விட்சர் 2' விளையாட்டு ஏராளமாகத் திருடப்பட, நகல் எடுத்ததாகக் கருதியவர்களுக்கு ஜெர்மனியில் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2012 ஜனவரியில் அதை நிறுத்திக்கொண்டார்கள். 2015-இல் வந்த 'விட்சர் 3'-ஐயும் தங்கள் கடையில் பூட்டில்லாமலே விற்றார்கள். 2023-க்குள் அது எல்லாக் கடைகளிலுமாக 5 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

"அப்படின்னா நகல் எடுக்கிறது தப்பில்லையா சார்?" என்று மாணவர்கள் கேட்கலாம். தப்புதான். அந்த விளையாட்டுக்குப் பின்னால் பல பேருடைய பல வருட உழைப்பு இருக்கிறது. நாளைக்கு நீங்கள் எழுதும் மென்பொருளும் இதே சந்தைக்குத்தான் வரப்போகிறது. அப்போது திருடனை நினைத்து மட்டும் அதை அமைக்காதீர்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் முகத்தை முதலில் நினையுங்கள். அவருக்குத் திருட்டு நகலைவிட நல்லதாக ஒன்று கிடைத்தால், அவர் மறுபடியும் உங்கள் கடைக்கு வருவார்.